மேக்ரோவுக்கு ஒரு சொல் வேணும், கெடு திங்கக்கிழமை

மடல் 1

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவோட கையேட்டையும் மெனுவையும் தமிழாக்கிட்டிருக்கேன், ரெண்டு எடத்துல மாட்டிக்கிட்டேன். ஒண்ணு மேக்ரோ, அதான் பூ போட்ட பட்டன், அதை அமுக்கினா சில சென்டிமீட்டர் தள்ளி இருக்குற பொருள்கூட தெளிவா விழும். இன்னொண்ணு குவாலிட்டி: ஃபைன், நார்மல், எகானமி. எனக்கு முன்னாடி செஞ்சவர் ஃபைனுக்கு 'நலம்'னு போட்டிருக்கார். படத் தரம்: நலம். கீழ 'நலமறிய ஆவல்'னு சேத்துட்டா கடுதாசியாயிடும். மெனுவுல பத்து பன்னெண்டு எழுத்துதான் கொள்ளும், பாத்து சொல்லுங்க.

மடல் 2

தம்பி, இதுல யோசிக்க என்ன இருக்கு? அண்மைப் படம். அகரம் சேய்மைச் சுட்டு, இகரம் அண்மைச் சுட்டுன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சதுதானே. வேர் 'அண்'. அண்டு, அண்டை, அணை, அணுகு எல்லாம் அது பெத்த பிள்ளைங்க, என்னைக் கேட்டா அண்ணனும் அதுலேர்ந்துதான், பக்கத்துல நிக்கிறவன். அண்மை விளியையும் பாருங்க, தூரத்துல இருக்குறவனைத்தான் 'நம்பீ'ன்னு நீட்டணும், பக்கத்துல இருந்தா 'நம்பி வா' போதும். லென்ஸும் அப்படித்தான், பக்கத்துல போனா ஜூமை நீட்ட வேண்டாம்!

மடல் 3

ஐயா, அண்ணாந்து பாக்குறதுலயும் அதே 'அண்' இருக்கு, அது மேல. அண்ணன் அங்கேர்ந்து வந்தவர்னு நான் வாதாடுவேன், அது கெடக்கட்டும். ஜூம் சொன்னது மட்டும் சரி, பல சின்ன கேமராவுல ஜூமை இழுத்தா மேக்ரோவோட கிட்டத்து எல்லை தள்ளிப் போயிடும். ஆனா அண்மைன்னா இன்னிக்கு எல்லாரும் 'சமீபத்துல'ன்னுதான் எடுத்துக்கறாங்க. என் வகுப்புல 'அண்மைப் படம் எடுத்து வாங்க'ன்னு எழுதிப் போட்டேன், நாலு பேர் போன வாரம் எடுத்த படத்தைக் கொண்டாந்தாங்க. நெருக்கப் படம்னு வைக்கலாமே?

மடல் 4

அக்கா, நெருக்கம் வந்தா குவாலிட்டியோட முட்டிக்கும். ஃபைனுக்கும் நார்மலுக்கும் 2592 × 1944 புள்ளிங்கற அளவு மாறாது, ஜேபெக், அதான் படத்தைச் சுருக்கிச் சேமிக்கிற முறை, எவ்வளவு நெருக்கி அமுக்குதுங்கறதுதான் மாறுது. படத்தை 8 × 8 புள்ளிக் கட்டமா பிரிச்சு கண்ணுக்கு லேசுல தெரியாத நுணுக்கத்தைக் கழிச்சுடும், கழிச்சது திரும்ப வராது. நியாயமா அங்க 'இறுக்கம்'னு போடணும், ஆனா இறுக்கம் கூடினா தரம் குறையும், தலைகீழா புரிஞ்சுக்குவாங்க. அதனால உயர்தரம், நடுத்தரம், சிக்கனம். மேக்ரோவுக்கு கிட்டப் படம்.

மடல் 2-காரர் மறுபடி

கிட்டப்பார்வைன்னா கண் கோளாறு. கேமராவுக்குக் கண்ணாடி மாட்டப் போறீங்களா? பேச்சு வழக்கெல்லாம் கையேட்டுல ஏறினா நாளைக்கு 'தூரக்க படம்'னும் வரும்.

மடல் 5

கிட்டுங்கறது நல்ல தமிழ் வினைதானே ஐயா, பேச்சுல புழங்கினா தீட்டா? மேக்ரோவே தப்பான பேர்ங்கறதை யாரும் சொல்லல. கண்டிப்பா பாத்தா பொருள் எவ்வளவு பெருசோ சென்சார்லயும் பிம்பம் அவ்வளவு, 1:1 வந்தாதான் மேக்ரோ, சின்ன கேமரா பெரும்பாலும் அந்தப் பக்கமே போறதில்ல. மைக்ரோ நுண், மேக்ரோ பெருன்னு பெரும்படம் போட்டா சைஸ் மெனுவுக்குள்ள போய் தேடுவான். என் ஓட்டு: பூ. பட்டன்ல பூதான இருக்கு.

மடல் 1-காரர்

ராத்திரி ஒரு மணியாச்சு, கிட்டப் படத்துக்கு நாலு பேர், அண்மைக்கு ஐயா ஒருத்தர், பூவுக்கு ஒருத்தர். மெனுவுல கிட்டப் படம், கையேட்டுல முதல் தடவை மட்டும் கூட மேக்ரோன்னும் போட்டு அனுப்பிட்டேன். 'நலம்' எடுத்தாச்சு.

மடல் 2-காரர்

சேத்து எழுதுனீங்களா, பிரிச்சா? ப் போட்டீங்களா? அடுத்த பதிப்புல அண்மையை நான் விடப்போறதில்ல.