கரமடியைக் கரைமடி என்று திருத்தினேன்

ஆய்வேடு திருத்தும் வேலையை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டிருந்தார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நாகர்கோவிலில் ஒரு டிடிபி சென்டரில் டைப்பிங் வேலைக்குத்தான் சேர்ந்தேன். பக்கத்தில் கல்லூரிகள், அதனால் அப்போது வந்ததெல்லாம் எம்.ஃபில்., பிஎச்.டி. வேலைதான். டைப் செய்யும்போதே ஒற்றுப்பிழையைச் சரிசெய்வேன், அதைப் பார்த்து "அக்கா, கைடு திருப்பி அனுப்பிட்டாரு, ஒருக்கா படிச்சுப் பாருங்க" என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்போது எனக்குத் திருத்துவது என்றால் பிழையைப் பார்த்தவுடன் மாற்றுவது, அவ்வளவுதான்.

தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். ஒக்கி புயலுக்குப் பிறகு மீனவப் பெண்களின் வாழ்க்கை பற்றிய ஆய்வு. அவளுடைய நடை இப்படி இருந்தது: "இவ்வாய்வானது மீனவப் பெண்களின் பொருளாதார நிலையினை ஆய்வு செய்வதை நோக்கமாகக் கொண்டு அமைகின்றது." இதை "மீனவப் பெண்களின் பொருளாதார நிலையை இந்த ஆய்வு ஆராய்கிறது" என்று ஆக்கினேன், அவளுக்கும் பிடித்திருந்தது. அந்த உற்சாகத்தில் நேர்காணல் பகுதியிலும் கை வைத்துவிட்டேன். ஒரு அம்மா சொன்னது: "அவரு போன பொறவு கரமடிக்கு ஆளில்ல மக்களே, நாந்தான் சந்தைக்குப் போறேன்." நான் பொறவை பிறகு ஆக்கி, வலையின் பெயரான கரமடியைக் கரைமடி ஆக்கி, போறேனைப் போகிறேன் ஆக்கி, ஏடு முழுக்க ஒரே தட்டில் மாற்றிக் கொடுத்தேன். எங்கெங்கே மாற்றினேன் என்று காட்டும் டிராக் சேஞ்சஸ்கூடப் போடவில்லை.

மறுநாள் அவள் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள், "அக்கா, இது அவங்க வாயால சொன்னது. நீங்க மாத்துனா நான் ஃபீல்டுக்குப் போனதே பொய்யாயிடும்." ரெண்டு பேரும் அவளுடைய நேர்காணல் நோட்டை வைத்துக்கொண்டு இரவு ஒன்பது மணி வரை ஒவ்வொரு வரியாகத் திரும்பப் போட்டோம்.

அதற்குப் பிறகு வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. எழுதியவரின் வாக்கியம் வேறு, மேற்கோள் வேறு என்று முதலில் பிரித்துக்கொள்வேன், மேற்கோளில் காற்புள்ளிகூட வைக்கமாட்டேன். சந்தேகம் வந்தால் மாற்றாமல் ஓரத்தில் கமெண்டாகக் கேள்வி போடுவேன். அவளுடைய ஏட்டிலேயே ஓர் இயலில் "2017 நவம்பர் 30", இன்னோர் இயலில் "2017 டிசம்பர்". பழைய ஆளாக இருந்தால் இரண்டையும் ஒன்றாக்கியிருப்பேன். கேட்டபோது, முதலாவது புயல் அடித்த நாள், அடுத்தது கடலுக்குப் போனவர்களைத் தேடி அலைந்த மாதம் என்றாள். அதே ஏட்டில் ஒக்கி, ஓக்கி, ஓகி என்று மூன்று விதமாக இருந்தது. இதற்கு ஒரு நோட்டு வைத்தேன், எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று எழுதியவரிடம் கேட்டு முடிவுசெய்து அதில் குறித்துவிடுவேன். அப்புறம் அட்டவணையைக் கூட்டிப் பார்ப்பேன். 60 பேரைப் பேட்டி எடுத்ததாகச் சொல்லிவிட்டு 27, 19, 12 என்று போட்டிருப்பார்கள், மீதி இரண்டு பேர் எங்கே?

அலுவலக எழுத்தும் வரும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் வங்கிக் கடன் அறிக்கையில், எவ்வளவு பணம் வேண்டும் என்பது நாலாம் பக்கத்தில் இருந்தது. அதை முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன், அதுவே போதுமாக இருந்தது.

ஒரு வேலை மட்டும் நான் எடுப்பதில்லை. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, ஏட்டில் மற்றவர்கள் எழுதியதோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை, அதனால் "பர்சென்டேஜை இறக்கித் தாங்க" என்று வருகிறார்கள். சொல்லை மட்டும் மாற்றிப்போட்டால் அடுத்தவர் கருத்து நம்முடையது ஆகிவிடுமா? "ஸ்டாண்டர்ட் டீவியேஷன்" என்ற புள்ளியியல் சொல்லுக்குப் பதிலாக வேறு எதைப் போட முடியும்? புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உங்களுக்குப் புரிந்ததைச் சொல்லுங்கள், அதை எழுதுவோம், யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவர் பெயரையும் போடுவோம் என்பேன். பாதிப் பேர் போய்விடுவார்கள். உட்கார்ந்து சொல்கிறவர்களுடன் நானும் உட்காருவேன்.

தக்கலையிலிருந்து ஒரு பதில்

அக்கா, நான் திருத்தக் கொடுத்த பக்கத்தில் இருந்தவன். தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தேன். திருத்தியவர் அதைத் "தமிழ்நாட்டோடு" ஆக்கிவிட்டார். தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969இல்தானே! அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன், எங்க அப்பா காலத்து ஆட்கள் படித்துவிட்டு இதுகூடத் தெரியாதா என்று என்னைத்தான் கேட்டார்கள். ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

என் பதில்

தம்பி, அடுத்த முறை திருத்திய பிரதியை டிராக் சேஞ்சஸோடுதான் தரவேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள், இறுதி மெய்ப்பை நீங்களே ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள். அந்தத் தூத்தூர் தங்கச்சி வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்து பைண்டிங் செய்த ஒரு பிரதியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கரமடி கரமடியாகவே இருக்கிறது, கீழே அடிக்குறிப்பில் விளக்கம்: கரையிலிருந்து இழுக்கும் வலை.