ஒபாமாவுக்கும் டிரம்ப்புக்கும் வாக்களித்த ஊர்: கிரெஸ்கோ அனுபவங்கள்

அமெரிக்கச் சிற்றூர்க்காரர்கள் வழிவழியாக ஒரே கட்சிக்கு வாக்களிப்பவர்கள் என்று இங்கே ஓர் உறுப்பினர் எழுதியிருந்தார். நான் தங்கியிருந்த ஊரில் நிலைமை அப்படி இல்லை.

அயோவா மாநிலத்தின் வடகிழக்கில், மினசோட்டா எல்லையை ஒட்டியுள்ள ஹாவர்டு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தலைமையிடம் கிரெஸ்கோ; மக்கள்தொகை நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பால் பண்ணைகளில் மென்பொருள் நிறுவும் வேலைக்காக 2019 செப்டம்பர் முதல் எட்டு மாதங்கள் அங்கே இருந்தேன். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்களாக உள்ள இந்தக் கவுண்டி 2012-இல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவை 21 சதவீதப் புள்ளி வித்தியாசத்திலும், 2016-இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப்பை 20 புள்ளிக்கு மேற்பட்ட வித்தியாசத்திலும் ஆதரித்தது. நாட்டின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் இரண்டு பக்கமும் இவ்வளவு சாய்ந்தது இது ஒன்றுதான்.

காலை ஆறரை மணிக்கு உணவகத்தில் ஐந்தாறு பெரியவர்கள் கூடி, தோல் குவளையில் பகடையைக் குலுக்கி உருட்டுவார்கள். தோற்றவர் அனைவருக்கும் காப்பிக்குப் பணம் தர வேண்டும். மூன்றாவது வாரம் என்னையும் உருட்டச் சொன்னார்கள், தோற்றேன். நான் தஞ்சாவூர்க்காரன் என்று அறிந்ததும் கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கிரெஸ்கோ உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் அவர். நம் கும்பகோணத்து எம். எஸ். சுவாமிநாதனின் முயற்சியால் 1963-இல் இந்தியாவுக்கு வந்தவர். முன்பெல்லாம் நிருபர்கள் அவரைப் பற்றிக் கேட்கத்தான் வருவார்களாம். 2016-க்குப் பிறகு வாக்கைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள் என்று அவர்களுக்குச் சலிப்பு.

நானும் அதையேதான் கேட்டேன். ஒபாமாவுக்கு இருமுறையும் பிறகு டிரம்ப்புக்கும் வாக்களித்திருந்த, ஓய்வுபெற்ற பால் பண்ணைக்காரர் ஒருவரிடம், எப்படி மாறினீர்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் எங்கே மாறினேன்? ஈராக் போருக்கு ஆதரவாக வாக்களித்த ஹிலாரி வேண்டாம் என்று 2008-இல் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்விலேயே ஒபாமா பக்கம் போனேன். 2016-இல் அதே ஹிலாரியைத்தான் திரும்பவும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு முறையும் நான் வேண்டாம் என்றது ஒரே ஆளைத்தான்.” 2012-இல் ஒபாமாவை எதிர்த்து நின்ற, முதலீட்டு நிறுவன முதலாளியாக இருந்த ராம்னியை ஏன் விட்டீர்கள் என்றதற்கு, ஆலையை மூடுகிற முதலாளிக்கு யார் வாக்களிப்பார்கள் என்று கேட்டார்.

அந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை, ஏனெனில் ஹிலாரி போட்டியிடாத 2020-இலும் கவுண்டி டிரம்ப் பக்கமே நின்றது, முன்னைவிடப் பெரிய வித்தியாசத்தில். 2018 ஜூலையில் டிரம்ப் விதித்த வரிகளுக்குப் பதிலடியாக அமெரிக்கச் சோயாவுக்குச் சீனா 25 சதவீத வரி விதித்ததால் விலை விழுந்தபோதும் இந்த மேசையில் டிரம்ப் மீது கோபம் எழவில்லையாம். அரசு இழப்பீடாக அனுப்பிய காசோலையை வாங்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன் என்று மட்டும் அந்தப் பண்ணைக்காரர் சொன்னார்.

மறுமொழி, டெக்கோராவில் படித்த ஓர் உறுப்பினர்:

உங்களுக்கு அடுத்த வினிஷீக் கவுண்டியில் இருந்தேன். அங்கும் 2016-இல் டிரம்ப் வென்றார், ஆனால் ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில். டெக்கோராவில் லூதர் கல்லூரி இருப்பதும், கல்லூரி வட்டாரத்தில் ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவு கூடுதலாக இருப்பதும்தான் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும் ஒரே புல்வெளியில் இரண்டு வேட்பாளர்களின் பலகைகளை நட்டிருந்தார்கள். பனி அள்ளும்போது ஒருவர் பலகையை மற்றவர் சாய்த்துவிடாமல் சுற்றி அள்ளுவார்கள். கட்சிக்காரர்கள் ஊர்தோறும் கூடி அதிபர் வேட்பாளருக்கு ஆதரவு காட்டும் காகஸ் கூட்டத்தை நீங்கள் பார்த்தீர்களா?

மறுமொழி:

பார்த்தேன். 2020 பிப்ரவரி 3, ஜனநாயகக் கட்சியினுடையது. குடியுரிமை இல்லாதவன் என்பதால் சுவரோரம் பார்வையாளனாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஆதரவாளர்கள் எல்லோர் கண்ணெதிரிலும் அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் 15 சதவீதம் பேர் சேராத மூலை கலைந்துவிட்டது, பிறகு அண்டைவீட்டார் வந்து தம் பக்கம் இழுத்தார்கள். தன் மூலை கலைந்த ஒரு மூதாட்டியிடம், நாற்பது ஆண்டு பழக்கமுள்ளவர்போல் தோன்றிய இருவர் மாறி மாறிப் பேசினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டு, தான் கொண்டுவந்த பிஸ்கட் தட்டையும் எடுத்துக்கொண்டு, “நவம்பரில் பார்க்கலாம்” என்று வீட்டுக்குப் போய்விட்டார். முடிவுகளை அனுப்பும் கைப்பேசிச் செயலியின் கோளாறால் மாநில முடிவு அன்றிரவு வரவில்லை. மறுநாள் காலை பகடை மேசையில் அதைப் பற்றித்தான் சிரிப்பு.