நம்மட குடும்பம் குரூப்: மாமாட காது டெஸ்ட்

மாமி: இந்தாங்க மாமாட காது டெஸ்ட் பேப்பர் போட்டோ போட்டிரிக்கன், வெள்ளாப்பிலயே ஆரையம்பதில பஸ் ஏறி கிளினிக்குக்கு போய் நம்பர் எடுத்து குந்தி இருந்து எடுத்தது, இப்ப ஒப்பரேசனுக்கு முதல் திரும்பவும் செய்யட்டாம் எண்டு கொப்பில எழுதி விட்டிரிக்காங்க இவருக்கு கோவம். மகள் நீ ராகம கம்பஸில படிக்கிறது இந்தக் காது டெஸ்ட்தானே பாத்து சொல்லு

மாமா: சின்னல இருந்து வடியிற காது. கேக்காதெண்டு எனக்கே தெரியும். அத மெசின்ல திரும்பத் திரும்ப பாக்கணுமா

பெரியம்மா: உள்ளிய நல்லெண்ணெயில காய்ச்சி ரெண்டு சொட்டு விடுங்க தம்பி, அம்மா நமக்கு அதானே விட்டவ

அக்கா: பெரியம்மா!! காதுப் பறையில ஓட்டை இருக்கிற காதுக்கு எண்ணெய் விடப்படாது. பாமசில சும்மா கேட்டு வாங்குற சொட்டும் வேணாம், சிலதுல ஜென்டாமைசின் மாதிரி மருந்து இரிக்கி, ஓட்டையால உட்காதுக்கு போனா காது கேள்வியவே கெடுத்துப் போடும். டொக்டர் எழுதினத மட்டும் விடுங்க

அக்கா: மாமா பேப்பர் பாத்தன். இடது காது நீலப் பெருக்கல் அடையாளம், 55 டெசிபல் கிட்ட ஓடுது. 25க்குள்ள நிண்டா நல்ல காது எண்டு வைக்கலாம். அது ஹெட்போன் போட்டு எடுத்தது, சத்தம் பறை, மூணு குட்டி எலும்பு எல்லாம் தாண்டி நரம்புக்கு போற வழி. புறகு காதுக்கு பின்னால எலும்புல சின்னப் பெட்டி ஒண்டு வச்சாங்கதானே, அது நேரா உட்காதுக்கு போற வழி, அதுல 15. இடையில 40 வித்தியாசம். ஒப்பரேசனால திரும்ப எடுக்கப் பாக்கிறது இந்த 40லதான்

நான்: அப்ப நரம்பு நல்லம். பேந்தென்ன

அக்கா: அங்கதான் சிக்கல். அந்த 15க்கு சதுர அடைப்புக்குறி போட்டில்ல, வெறும் கூர் அடையாளம். மற்றக் காதுக்கு இரைச்சல் போடாம எடுத்தா அப்படித்தான் குறிப்பாங்க. மாமா, வலது காதுக்கு சோவெண்டு ஒரு சத்தம் போட்டாங்களா இல்லயா

மாமா: போட்டாங்க. தகரத்துல மழை பெய்ற மாதிரி இரையுது, அதுக்குள்ள கீச்சுச் சத்தம் எப்படி மனே கேக்கிற? மெசின் பழுதெண்டு கழட்டி மேசையில வச்சிட்டன். அந்தப் புள்ள திரும்ப மாட்ட வந்திச்சி, தலையிடிக்குது போதும் எண்டு எழும்பி வந்திட்டன்

மாமி: பாத்தீங்களா!! எனக்கிட்ட இத ஒரு சொல் சொல்லல்ல, நான் வெளிய இருந்து அந்தப் புள்ளய ஏசிக்கிட்டு இரிக்கன்

அக்கா: 😂 மாமா, எலும்புல வைக்கிற அதிர்வு ரெண்டு பக்கமும் போகும். இடப்பக்கம் வச்சாலும் வலக்காதுதான் கேட்டுட்டு உங்கட கையால பட்டன அமத்தும். அப்ப அந்த 15 இடதுடயா வலதுடயா எண்டு ஆருக்கும் தெரியா. இடது நரம்பு உண்மையில 50ல கிடந்தா, ஓட்டைய அடைச்சி எலும்பச் சரிப்படுத்தினாலும் கேள்வி கூடப்போறதில்ல. நல்ல காத இரைச்சல் போட்டு அடக்கி வச்சிட்டுத்தான் மற்றத விசாரிக்கணும்

பெரியம்மா: கேள்வி வராட்டி என்னத்துக்குகா காத வெட்டுற

அக்கா: ஒப்பரேசன் முதல்ல வருத்தத்துக்கு பெரியம்மா, கேள்வி ரெண்டாவது. கொப்பில கொலஸ்டியடோமாவா பாக்கணும் எண்டு எழுதி சிடி ஸ்கானும் கேட்டிரிக்கார். தோல் உள்ளுக்கு போய் கட்டியாகி எலும்ப அரிக்கிற வகை, விட்டா முக நரம்பு மூளை எண்டு போகும். இதுல ஒரு வினோதம், குட்டி எலும்ப அரிச்சிட்டு அந்தக் கட்டியே எலும்புட இடத்துல நிண்டு சத்தத்த கடத்துறதும் இரிக்கி. அத எடுத்தா கேள்வி முந்தி இருந்ததையும் விட குறையும். வெட்ட முதல் எவ்வளவு கேட்டதெண்டு பேப்பர் இல்லாட்டி புறகு எத வச்சி கதைக்கிற?

நான்: வலது காதையும் ஏன் பாக்கிறாங்க அது நல்லம்தானே

அக்கா: அது நல்லமெண்டு அவங்களுக்கும் தெரியணுமே. உட்காது சேதமாகி கேள்வி முழுசாப் போற ஆபத்து குறைவு, ஆனா இரிக்கி. கேக்கிறதே அந்த ஒரு காதுதான் எண்டா டொக்டர்மார் லேசுல கத்தி வைக்கமாட்டாங்க

மாமி: இன்னொரு கூத்து கேளுங்க. டொக்டர் ஒரு இரும்புக் கவைய தட்டி நெத்தியில வச்சிட்டு எந்தக் காதுல கேக்குது எண்டு கேட்டவர், இவர் வலது எண்டிட்டார். வெளிய வந்து எனக்கிட்ட சொல்றார் இடதுலதான் கணீரெண்டு கேட்டதாம், செவிட்டுக் காதுல கேக்குதெண்டா டொக்டர் நம்பமாட்டார் எண்டு மாத்திச் சொன்னதாம்

அக்கா: ஐயோ மாமா!! சத்தம் போற வழி அடைபட்ட காதுலதான் அந்தக் கவை கூடக் கேக்கும். நரம்பு போன காதெண்டா மற்றப் பக்கம்தான் கேட்டிருக்கும். இடது எண்டு சொல்லியிருந்தா உங்கட நரம்புக்கு சாதகமான சாட்சி அது

மாமா: மெய்யா மனே

அக்கா: மெய்தான். இந்தமுறை கேட்டதக் கேட்டபடி சொல்லுங்க. இரைச்சல் வந்தா கழட்டாம இருந்து, அதுக்குள்ள மெல்லிசா கீச்செண்டாலும் பட்டன அமத்துங்க. அதுவரைக்கும் குளிக்கக்குள்ள பஞ்சுல வாசலின் பூசி அடைச்சிக்கங்க, கடல்ல முழுகப்படாது. பழைய பேப்பரையும் கொண்டு போங்க ஒத்துப் பாக்கட்டும்

மாமா: வியாழன் போறன். பழசு அலுமாரிக்க இரிக்கி

மாமி: அலுமாரிக்க இல்ல, கரண்ட் பில் கட்டோட கிடக்கு. நீங்க கிண்டாதீங்க நான் எடுத்து தாறன்