‘இன்ப அதிர்ச்சி’ என்று எழுதலாமா?

வைகைக்கரையான்:
மாசி வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். நேற்று ஒரு ஜவுளிக்கடை நோட்டீஸ் வந்தது: ‘ஆடித் தள்ளுபடி! தாய்மார்களுக்கு இன்ப அதிர்ச்சி!’ அதிர்ச்சியை அடித்துவிட்டு ‘இன்ப வியப்பு’ என்று திருத்தினேன். கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். சாவுச் செய்தி கேட்டால் வருவது அதிர்ச்சி. சேலையில் நூறு ரூபாய் குறைந்தால் அதுவா வரும்?

திருமங்கலம் டீச்சர்:
நான் கடைக்காரர் கட்சி. அதிர் என்றால் நடுங்கு, முழங்கு. அவ்வளவுதான். நல்லது கெட்டது அந்தச் சொல்லுக்குள் இல்லை. திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறோமே, துக்கத்துக்கா?

வைகைக்கரையான்:
வேட்டு அதிர்வது வேறு, மனசு அதிர்வது வேறு டீச்சர். வள்ளுவரே ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்’ என்கிறார் (429). பரிமேலழகரும் அந்த ‘அதிர’வுக்கு ‘நடுங்க’ என்றுதான் உரை சொல்கிறார்.

திருமங்கலம் டீச்சர்:
தம்பி, நீங்கள் கூட்டி வந்த சாட்சி எனக்குத்தான் சாதகம்! அதிர என்பதிலேயே கெடுதல் இருந்தால் பின்னால் ‘நோய்’ எதற்கு? எதிர்பாராமல் வந்து ஆளை உலுக்குவதுதான் அதிர. உலுக்கியது நோயா, நூறு ரூபாயா என்பதைப் பக்கத்துச் சொல் சொல்லும். ‘இன்ப’ செய்வதும் அந்த வேலைதான்.

உசிலம்பட்டியான்:
முதலில் ஒன்று சொல்லுங்கள். நம்ம ஊரில் எவன் வாயைத் திறந்து ‘அதிர்ச்சி அடைந்தேன்’ என்கிறான்? ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தால் பக்கென்று இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பும்வரை திக்திக். பஸ்ஸில் பைக்குள் கைவிட்டால் சீட்டுப் பணத்தைக் காணோம். அது பகீர், அடிவயிற்றில் கிளம்பும். அசந்து தூங்கும்போது யாராவது தொட்டால் தூக்கிவாரிப் போடும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் ஷாக். ஒவ்வொன்றும் உடம்பில் ஒவ்வொரு மாதிரி. அதிர்ச்சி எங்கே வரும்? பேப்பரில் வரும்.

திருமங்கலம் டீச்சர்:
பகீர் அருமைதான் அண்ணே. அதற்காக ‘தாய்மார்களுக்குப் பகீர்’ என்று நோட்டீஸ் அடிக்க முடியுமா?

உசிலம்பட்டியான்:
பில்லைப் பார்த்தால் எனக்கு அதுதான் வருகிறது.

வைகைக்கரையான்:
குறளில் டீச்சர் மடக்கியதற்கு என்னிடம் பதில் இல்லை, சரி. ஆனால் வழக்கைப் பாருங்கள். வெறுமனே ‘ஊரே அதிர்ச்சி’ என்று எழுதினால் யாராவது நல்ல செய்தி என்று நினைப்பார்களா? ‘இன்ப’ என்று முட்டுக்கொடுத்தால்தான் நிற்கிறது என்றால், சொல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

திருமங்கலம் டீச்சர்:
சாய்ந்தது செய்தித்தாள் படித்துப் படித்து. அது சொல்லின் குற்றமா? அது கிடக்கட்டும், நோட்டீஸ் என்னாச்சு?

வைகைக்கரையான்:
இன்று காலையில் அச்சேறிவிட்டது. வியப்பும் வேண்டாம், அதிர்ச்சியும் வேண்டாம் என்று கடைக்காரர் அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார்: ‘ஆடி ஷாக் ஆஃபர்’.