சக பயிற்சி ஆசிரியரின் அறிவியல் வகுப்பைக் கவனித்தவர்களின் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

சக மாணவ ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துவிட்டு உற்றுநோக்கல் பதிவேட்டில் என்ன எழுதுவது என்று பி.எட். படிக்கிற தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். "குரல் தெளிவு, கரும்பலகை எழுத்து அழகு, மாணவர் பங்கேற்பு நன்று" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவதுதான் எங்கும் வழக்கம். பாடம் நடத்தியவருக்கு அதனால் கடுகளவும் பயனில்லை. நான் படித்த காலத்தில் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு, வெப்பக் கடத்தல். நடத்தியவர் எங்கள் தோழர். நாங்கள் சிலர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இரும்புக் கம்பியில் மெழுகு வைத்துக் குண்டூசிகளை ஒட்டி, ஒரு முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். சுடருக்குப் பக்கத்து ஊசி முதலில் விழுந்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. பிள்ளைகள் கூடவே எண்ணினார்கள். எல்லாம் பாடக்குறிப்பில் எழுதியபடியே நடந்தது.

பிறகு, வீட்டில் பார்த்த நற்கடத்தி ஒன்றைச் சொல்லச் சொன்னார். ஒரு பையன் எழுந்து, "ஐயா, எங்கள் தாத்தா வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எப்போதும் சில்லென்று இருக்கிறது. பக்கத்தில் கிடக்கிற மரப்பலகை அப்படி இல்லை. கல்லுக்குள் குளிர்ச்சி இருக்கிறதா?" என்றான். தோழர், "அது வேறு பாடம், உட்கார். சமையல் பாத்திரம் ஒன்று சொல்லு" என்று அடுத்த மாணவனைக் கேட்டார். பையன் உட்கார்ந்தான். மணி அடிக்கும்வரை அவன் கை மறுபடி உயரவில்லை.

வகுப்பு முடிந்து வேப்பமரத்தடியில் கூடினோம். முதலில் பேசியவர்கள் குரலையும் கரும்பலகையையும் பாராட்டினார்கள். எங்களில் மூத்த அக்கா ஒருவர் மட்டும் அந்தப் பையன் கேட்டதை ஒரு சொல் விடாமல் எழுதி வைத்திருந்தார். அதை வாசித்துவிட்டு, "தம்பி, இன்றைய பாடமே இதுதான். அவன் உங்கள் கையில் கொடுத்தான், நீங்கள் வாங்கவில்லை" என்றார். தோழரின் முகம் வாடியது. ஆனால் அக்கா அத்தோடு விடவில்லை. "நாளை 'ஆ' பிரிவுக்கு இதே பாடம் இருக்கிறதே, அங்கே என்ன செய்யலாம்?" என்று பேச்சைத் திருப்பினார். அந்தக் கேள்விக்காகவே அவரை இன்றும் நினைக்கிறேன். குறை கண்டுபிடிப்பதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. மறுநாள் காலையில் கையில் எடுத்துப் போக ஒன்றைக் கொடுப்பதற்குத்தான் வேண்டும்.

தரையிலும் பலகையிலும் வெப்பநிலைமானியை வைத்துக் காட்டலாம் என்றார் ஒருவர். தரையில் பதித்த கல் மண்ணை ஒட்டியிருப்பதால் உண்மையிலேயே குளிர்ந்திருக்கக்கூடும். அப்படியானால் கணக்குக் குழம்பிவிடும் என்று இன்னொருவர் தடுத்தார். ஆகவே பதிக்காத கல் ஒன்றையும் மரப்பலகை ஒன்றையும் இரவு முழுவதும் ஒரே அறையில் வைப்பதென்று முடிவாயிற்று. கண்ணாடியின் மேல் சிமெண்டும் மணலும் வார்த்து, சூளையில் சுடாமலே செய்கிற கல் அது. எங்கள் ஊர்ப்பக்கம் கிடைப்பதற்குப் பஞ்சமில்லை. குளிர்பானக் கடையிலிருந்து பனிக்கட்டி வாங்கிக் கொள்ளலாம் என்பது தோழரின் யோசனை.

மறுநாள் வெப்பநிலைமானி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டியது. பிறகு ஒரே அளவான பனிக்கட்டியைக் கல்லின் மேல் ஒன்று, பலகையின் மேல் ஒன்று என்று வைத்து, "எது முதலில் உருகும்?" என்று கேட்டார். பலகையில் உள்ளதுதான் என்று வகுப்பே சொன்னது. கல் சில்லென்றுதானே இருக்கிறது! கல்லின் மேல் இருந்தது கண்முன்னே கரைந்து ஓடியது. பலகையில் இருந்தது அசையாமல் கிடந்தது. ஒரு பெண் பிள்ளை எழுந்து, "அப்படியானால் கல்தான் பனிக்கட்டிக்குச் சூடு கொடுக்கிறதா?" என்றாள். அதற்குப் பிறகுதான் 'கடத்தல்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். கை கல்லைவிடச் சூடானது, கல் கையின் வெப்பத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாகத்தான் இழுக்கிறது. அதனால்தான் கல் சில்லிடுகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லி முடித்தார்கள். மதிய இடைவேளையில் தோழர் முதல் நாள் கேட்ட பையனைத் தேடிப் போய் அவனுக்கும் செய்து காட்டினார்.

பதிவேட்டின் இடப்பக்கம் ஆசிரியர் கேட்ட கேள்வி, வலப்பக்கம் பிள்ளை சொன்ன விடை, சொன்னது சொன்னபடி. 'நன்று', 'சுமார்' எதுவும் வேண்டாம். எழுதுங்கள், பாருங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

நான் வழிகாட்டி ஆசிரியர். மேலே எழுதியவர் சொன்ன 'ஆ' பிரிவு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கல்லூரியில் நடக்கும் நுண்ணிலைக் கற்பித்தலில் (சிறு குழுவுக்குச் சில நிமிடம் மட்டும் பாடம் நடத்திப் பழகும் பயிற்சி) ஒரு சுற்றுக்கு 36 நிமிடம்: கற்பிக்க 6, பின்னூட்டத்துக்கு 6, திருத்தித் திட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறு பின்னூட்டத்துக்கு 6. அதிக நேரம் திருத்தி எழுதுவதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், பாருங்கள். பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பயிற்சிக்காகப் பள்ளிக்கு வரும்போது அந்த ஏற்பாடு காணாமல் போய்விடுகிறது. சொன்ன குறையைத் திருத்திப் பார்க்க இன்னொரு வகுப்பு கிடைப்பதில்லை. பின்னூட்டம் வெறும் மதிப்பெண்ணாக முடிகிறது. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு முடிந்தவரை இரண்டு பிரிவிலும் ஒரே பாடத்தைக் கொடுத்துவிடுகிறேன். நடுவில் ஒரு நாள் இடைவெளி. அதற்கு அட்டவணையை மாற்றுவது தலைவலிதான், ஆனாலும் செய்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து:

எங்கள் குழுவில் ஒருவர் அமிலங்கள் பாடத்துக்குப் பழைய வீட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகியிருக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் அதே வாயு நுரைத்து வெளியேறும். அருமையான யோசனை. மேசைமேல் வைத்துச் சாற்றை ஊற்றினார், முன்வரிசை "ஆ!" என்றது. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். என் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து, "என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொண்டார்கள். அவரிடம் நான் சொன்னது அதை மட்டும்தான்; வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் துண்டை உடைத்துக் கொட்டாங்கச்சிகளில் போட்டு, பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்தார். சாற்றைப் பிள்ளைகளே பிழிந்தார்கள்.