தைப்பூசப் படங்கள் எழும்பி வரவேண்டுமா?

ஆயர் ஈத்தாம் தம்பி:
பினாங்கு தைப்பூசத்தில் எடுத்த 140 படங்களை ஒரே இணையப் பக்கத்தில் போடுகிறேன். வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து தண்ணீர்மலை வரை வரிசையாக வரும். படம் திரைக்குள் நுழைவதை இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் என்ற பிரவுசர் வசதி சொன்னதும் அது லோட் ஆகி, கீழிருந்து மெல்ல எழும்பும். டேட்டா மிச்சம், ரதத்தோடு நடப்பது போலவும் இருக்கும். குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா:
தம்பி, தாமதமாக லோட் ஆவது நல்லது. எழும்புவது வேண்டாம். அதற்காகப் படங்களை ஒபாசிட்டி 0-வில், அதாவது கண்ணுக்கே தெரியாதபடி, வைத்து மறைக்கிறீர்கள். அவற்றைத் திரும்பக் காட்டும் ஸ்க்ரிப்ட் (பக்கத்தை இயக்கும் நிரல்) வராவிட்டால் 140 வெற்றுக் கட்டங்கள்தான் மிஞ்சும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பக்கத்தில் இதுதான் நடந்தது. என் அம்மா வெள்ளைத் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "படமே போடலையே" என்று போனை வைத்துவிட்டார். தாமத லோடுக்கு ஸ்க்ரிப்டே வேண்டாம். படத்தைப் போடும் இமேஜ் டேக்கில் லோடிங்=லேஸி என்று எழுதினால் போதும். குரோமில் 2019 முதல், சஃபாரியில் 2022 முதல் வேலை செய்கிறது.

பட்டர்வொர்த்காரன்:
அக்கா, இதை நான் ஏற்கமாட்டேன். ஃபெர்ரியில் உட்கார்ந்து போனில் பார்ப்பவருக்கு 140 படமும் ஒரே மாதிரி வந்தால் பத்தாவதிலேயே மூடிவிடுவார். காவடி ஆட்டத்தை அசையாத பக்கத்தில் எப்படிக் காட்டுவது? மறைக்கும் கிளாஸை (தோற்ற விதியின் பெயர்) ஸ்க்ரிப்டே போடட்டும். ஸ்க்ரிப்ட் வராவிட்டால் மறைப்பும் வராது. டிரான்ஸ்ஃபார்ம் (படத்தை நகர்த்துவது), ஒபாசிட்டி இரண்டை மட்டும் அசைத்தால் பக்கத்தின் அமைப்பை பிரவுசர் திரும்பக் கணக்கிட வேண்டியதில்லை, பழைய போனிலும் திணறாது.

ஜெலுத்தோங் அக்கா:
கிளாஸ் யோசனை சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரதம் கிளம்பும் முதல் படத்துக்கு லேஸி போடவே கூடாது. பக்கத்தின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்; அதைத் தாமதப்படுத்துவது நமக்கு நாமே வைக்கும் வேட்டு. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் எழுதுங்கள். இல்லையென்றால் படம் வரும்போதெல்லாம் படித்துக்கொண்டிருக்கும் வரி கீழே குதிக்கும்.

அப்புறம், எனக்கு உள்காதில் கோளாறு. எழும்பும் பக்கங்களைப் பார்த்தால் தலை சுற்றிக் குமட்டுகிறது. நான் எதிர்ப்பதற்கு முதல் காரணமே அதுதான்.

பட்டர்வொர்த்காரன்:
இது எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. போனின் செட்டிங்கைப் பார்த்துச் சொல்லும் பிரெஃபர்ஸ்-ரிட்யூஸ்ட்-மோஷன் க்வெரி போட்டால், போனில் அசைவைக் குறைத்து வைத்தவர்களுக்கு நின்றுவிடும். மற்றவர்களுக்கு ஓடட்டுமே.

ஜெலுத்தோங் அக்கா:
அப்படி ஒரு செட்டிங் இருப்பது என் அம்மா வயதுக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இடம் மாறாமல் மங்கலிலிருந்து தெளியட்டும். அதுவே அழகுதான்.

ஆயர் ஈத்தாம் தம்பி:
முதல் படத்தில் லேஸியை எடுத்துவிட்டேன், அளவுகளும் எழுதிவிட்டேன். எழும்புதலை மூன்று காவடிப் படங்களுக்கு மட்டும் வைத்து, க்வெரியும் சேர்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் மங்கலிலிருந்து தெளியும். அக்கா, இன்றிரவு அம்மாவின் போனில் ஒருமுறை திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.