ஜோஹோ எக்ஸ்பென்ஸில் செலவு விதிகள் அமைத்தவர்கள் இருக்கிறீர்களா?

கோவையில் பம்ப்செட் விற்கும் எங்கள் கம்பெனிக்கு, ஊழியர்கள் பயணச் செலவைப் பதிந்து பணம் கேட்கும் மென்பொருளான ஜோஹோ எக்ஸ்பென்ஸில் செலவு பாலிசி அமைத்துக்கொண்டிருக்கிறேன். லாட்ஜ் வாடகைக்கு உச்சவரம்பு, பைக்குக்குக் கிலோமீட்டர் கணக்கு எல்லாம் போட்டாச்சு. சிக்கல் சில்லறைச் செலவில்தான்: ஷேர் ஆட்டோ, டீ, லோடு இறக்கும் கூலி, இதற்கெல்லாம் பில் யார் கொடுப்பார்? பில் கேட்காமல் விட்டால் ஆடிட்டர் முறைக்கிறார். கூலி ஒருவருக்கே ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகப் போனால் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது, அதையும் தனியாகப் பிடி என்கிறார். வரம்பு மீறினால் எச்சரிக்கை மட்டும் காட்டுவதா, அனுப்பவே விடாமல் தடுப்பதா? தடுத்தால் விற்பனை ரெப்கள் ஒரே செலவை இரண்டாக உடைத்துப் போடுவார்கள், நம்ம ஆட்களைத் தெரியாதா. அப்புறம், ஈரோட்டுக்கும் சென்னைக்கும் ஒரே லாட்ஜ் வரம்பு சரிவராது. இதை நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?